கண் திறந்த யாளி

கரட்டுப்பதி, மதுக்கரை வழி
10.1.1998

வஹீது பாய்க்கு,

ரங்கராஜ் எழுதுவது. உங்கள் விலாசத்தைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாட்டை முதலில் கொட்டிவிடுகிறேன், சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் உங்கள் சைக்கிள் கடை இருந்த இடத்தில் கரி பிடித்த சுவர்தான் நிற்கிறது. எதிர் டீக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க யாருங்க?"

"கரட்டுப்பதி ரங்கராஜுங்க. கிரைண்டர் பட்டறை வெச்சிருக்கறேன். பாயும் நானும் சேர்ந்து யாளி கட்டிட்டிருக்கறோம்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாளி என்றால் என்னவென்று நடுரோட்டில் நின்று பாடம் நடத்த வேண்டியதாகிவிட்டது. சிங்க உடம்பு, யானைத் தும்பிக்கை, கோயில் தூணில் எல்லாம் நிற்குமே அதுதான், உள்ளே நாலு பேர் உட்கார்ந்து பெடல் மிதித்தால் நம்முடைய யாளி காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கும் என்றேன். மனுசன் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. மேட்டுப்பாளையத்தில் உங்கள் மச்சினர் ஷாநவாஸின் பாக்கு மண்டி விலாசத்தைக் கொடுத்தார்.

எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா பாய்? இரண்டு வருசம் ஒரே தட்டில் பட்டாணி தின்றுகொண்டு வேலை பார்த்தவர்கள் நாம்.

யாளி அப்படியே நிற்கிறது, மூன்று காலோடு. பின் வலங்கால் சுவரில் சாய்த்து வைத்தபடி இருக்கிறது. உங்கள் அண்ணி மாரியாத்தாள் தும்பிக்கையில் துணி காயப்போட ஆரம்பித்துவிட்டாள். நோம்பித் திருவிழாக் கமிட்டித் தலைவர் லட்சுமிநாராயணன் என்னைப் பார்க்கிறபோதெல்லாம், "ஏனுங்க ரங்கராஜு, உங்க யாளி நடக்குமா, இல்லாட்டி நாங்க தூக்கணுமா?" என்று கிண்டல் பண்ணுகிறார். போன நோம்பியில் ஊர்க்கூட்டத்தில் நின்று, வருகிற சித்திரையில் அம்மனுக்கு முன்னால் யாளி தானாக நடந்து போகும் என்று மார் தட்டியவன் நான். ஒரு நாள் வந்து அந்தக் காலை மாட்டிவிட்டுப் போங்கள். உங்கள் சம்சாரம் பாத்திமுத்துவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ரங்கராஜ்


மேட்டுப்பாளையம்
19.1.1998

ரங்கண்ணனுக்கு,

கடுதாசி கிடைத்தது. சுகமா என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, சரிக்குச் சரி.

ஒரு வார்த்தை சொல்லவில்லை என்கிறீர்கள். நவம்பர் கலவரத்தில் கடை எரிந்த அன்றைக்கு உங்கள் பட்டறைக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் மறுபடி போட்டேன். அண்ணி எடுத்தார். "அவங்க வெளியில போயிருக்கறாங்க பாய்" என்றார். அவருக்குப் பின்னால் நீங்கள் இருமினீர்கள். இரண்டு வருசம் கூடவே வேலை பார்த்தவனுக்கு உங்கள் இருமல் தெரியாதா அண்ணா?

சரி, விடுங்கள். இங்கே மண்டி வாசலில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுகிறேன். மச்சினர் ஊட்டில் இருக்கிறோம். சோற்றுக்குக் குறையில்லை. ஆனால் ஒறம்பரைக்கு வந்தவன் எத்தனை நாள் விருந்தாளியாகவே இருப்பான்?

உங்கள் கடுதாசியைப் பாத்திமுத்துவுக்குப் படித்துக் காட்டினேன். நவம்பரிலிருந்து அவள் கோயமுத்தூர் என்ற பெயரையே எடுப்பதில்லை. யாளிக்குத் தோல் தைத்தவள் அவள்தானே. திருப்பூர் பனியன் துண்டுகளைச் சாயம் தோய்த்து, செதில் செதிலாக வெட்டி, விரலெல்லாம் ஊசி குத்தித் தைத்தாள். "அது இன்னும் நிக்குதா?" என்று கேட்டாள். நிற்கிறது என்றேன். ரொம்ப நேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"அது ஒருக்கா அவங்க ஊர் ரோட்டுல நடக்கட்டும். உள்ள நீங்க உக்காந்து மிதிங்க. மிதிக்கறது நீங்கதான்னு எல்லாருக்கும் தெரியட்டும். அதைப் பார்த்துப்போட்டு நான் கோயமுத்தூருக்கே திரும்பி வந்துர்றேன். இல்லாட்டி இனி என்னை அந்த ஊருக்குக் கூப்புடாதீங்க."

அவ்வளவுதான் அண்ணா விசயம். உங்களுக்கு ஊரில் தலை நிமிர அது நடக்க வேண்டும். எனக்கு ஊர் திரும்ப அது நடக்க வேண்டும்.

வருவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. அதுவரைக்கும் தயவு பண்ணி அந்தக் காலை நீங்களே மாட்டிவிடாதீர்கள். உங்கள் கைராசி எனக்குத் தெரியும்.

வஹீது


கரட்டுப்பதி
30.1.1998

வஹீது பாய்க்கு,

இருமினேன். பட்டறையில் அன்றைக்கு ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதை எழுத மாட்டேன். அத்தனை பேருக்கு நடுவில் உங்கள் போனை வாங்க எனக்குக் கை வரவில்லை. வேறு எப்படி எழுதுவது என்று தெரியாமல் உங்கள் கடுதாசியைச் சட்டைப்பையிலேயே வைத்துச் சுற்றினேன். சட்டையைத் துவைக்கப் போட்ட மாரியாத்தாள் எடுத்துப் படித்துவிட்டாள். "பொய் சொன்னது என்ற வாயி. பாயி இனி என்ற கையில ஒரு வாய் காப்பி குடிப்பாரா?" என்று கேட்கிறாள்.

இன்னொன்று. காலை மாட்டிவிட்டேன். திட்டாதீர்கள்! மாட்டிப் பெடலை மிதித்தால் யாளி நடக்கிறதற்குப் பதிலாக மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டது. பட்டறைப் பையன்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. உள்ளே இரும்புச் சட்டத்தில் சக்கரம் உருளுகிறது, ஆனால் பின்னங்கால் பாதியில் மடங்கிக்கொண்டு சக்கரத்தையே பிடித்து நிறுத்துகிறது. முன்பக்கம் இரண்டு பேர் மிதிக்கிறதும் பின்பக்கம் இரண்டு பேர் மிதிக்கிறதும் ஒன்றுக்கொன்று சண்டை போடுகிறது.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நானே வண்டியோடு நிற்கிறேன். ஊருக்குள் யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. இந்தத் தடவை இரும மாட்டேன்.

ரங்கராஜ்


மேட்டுப்பாளையம்
10.2.1998

ரங்கண்ணா,

நடந்துவிட்டது அண்ணா, நடந்துவிட்டது!

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பட்டறையிலிருந்து பஸ்ஸில் திரும்பி வருகிறபோது பக்கத்துச் சீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்து, "என்ன பாய், பொண்ணுக்குக் கல்யாணமா?" என்று கேட்டார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத்தான் நடந்தது, அதற்கே எனக்கு இந்தப் பாடு. பின்னால் உட்கார்ந்து மிதிக்கிறபோது மேலே தும்பிக்கை ஆடுவது எனக்குத் தெரியவில்லை, ஆனால் அண்ணி கைதட்டியது கேட்டது. "அட சாமி, உசுரு வந்துருச்சுங்களே!" என்றாரே, அதைப் பாத்திமுத்துவுக்கு அப்படியே சொல்லிக் காட்டினேன். மறுபடி சொல்லுங்கள் என்றாள். மறுபடி சொன்னேன்.

அண்ணி கொடுத்த காப்பியைக் குடித்தேன் என்பதை அவரிடம் ஞாபகப்படுத்துங்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கொடுத்ததால் சர்க்கரை போட மறந்துவிட்டார்.

இப்போது வேலையைக் கேளுங்கள். காலில் தப்பில்லை. பின் செயின் தளர்வு. அது தளர்ந்தால் கால் பின்தங்கும், பின்தங்கினால் மடங்கிச் சக்கரத்தைப் பிடிக்கும். இப்போதைக்குக் கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறேன், பட்டறைக்குள் ஓட அது போதும், ரோட்டுக்குத் தாங்காது. வேறு பல்சக்கரம் போட்டு முறுக்க வேண்டும். அதற்காகத்தான் வயிற்றில் இடப்பக்கம் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத் தோலைத் தைக்காமல் விட்டிருக்கிறேன். உள்ளே போய்க் காலை ஊன்றிக்கொண்டால்தான் செயினை இழுக்க முடியும். கண்ணும் பாக்கி இருக்கிறது. அதைப் பெயிண்டர் பங்காரு கடைசியில் வரைந்துகொள்ளட்டும், முதலில் ஓடட்டும்.

வருகிற ஞாயிறு, பதினைந்தாம் தேதி, பல்சக்கரத்தோடு வாரேன். பாத்திமுத்துவும் வருகிறாள். போகிற வழியில் உக்கடத்தில் ஓர் ஊடு பார்க்கிறோம். மாடி, தண்ணீர் வசதி உண்டு என்கிறார்கள். அவளாகத்தான் கேட்டாள் அண்ணா, நான் கூப்பிடவே இல்லை.

வஹீது


கரட்டுப்பதி
3.3.1998

பாய்,

பதினாலாம் தேதி சனிக்கிழமை டவுனில் குண்டு வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவில்லை. எப்படி வருவீர்கள்? நானும் காந்திபுரத்துக்கு வரவில்லை. எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. எங்கே இருக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன், ஆனால் பேனாவை எடுத்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தயவு பண்ணி இப்போதைக்கு வராதீர்கள். ஊர் பழைய ஊராக இல்லை. பீளமேட்டு மில்லில் வேலை பார்க்கிற நம்மூர்ப் பையன் ஒருவன் குண்டில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவன் அம்மா அழுகிறதை ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த ஆத்திரம் எங்கே போய் இறங்கும்? என் பட்டறையில் வந்து இறங்கியது.

சேதியை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். "அந்த வவுத்துக்குள்ள என்ன இருக்குது?" என்று கேட்டான் ஒருவன். செயின் இருக்கிறது, சீட்டு இருக்கிறது என்றேன். "பாயி கட்டுனது, நாங்களே பார்க்கறோம்" என்றார்கள். நீங்கள் விட்டிருந்த வாசல் வழியாகவே பார்த்திருக்கலாம். அவர்களுக்கு அது போதவில்லை. கழுத்திலிருந்து வால் வரைக்கும் கத்தியால் கிழித்துவிட்டார்கள். உள்ளே பழைய சைக்கிள் சீட்டு நான்கும் நீங்கள் மறந்து வைத்துப் போன துண்டும்தான் இருந்தன. அந்தத் துண்டைக்கூட உதறிப் பார்த்தார்கள்.

மாரியாத்தாள் சாக்கு ஊசி வாங்கி வந்து எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். பாத்திமுத்து தையல் மாதிரி வராது. அவளுக்குச் சொல்ல வேண்டாம்.

ரங்கராஜ்


மேட்டுப்பாளையம்
12.3.1998

ரங்கண்ணனுக்கு,

சொல்ல வேண்டாம் என்று எழுதினால் போதுமா? கடுதாசியை நான் படிக்கிறபோது அவள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்தே கேட்டாள். சொல்லிவிட்டேன். "கிழிச்சவங்க தச்சாங்களா?" என்றாள். இல்லை, அண்ணி தைத்தார் என்றேன். "அப்பச் சரி" என்றாள். 

அடிபட்ட பையன் எப்படி இருக்கிறான்? அவன் அம்மாவை நாங்களும் நினைத்துக்கொள்கிறோம். இங்கே எங்களை மட்டும் என்ன வாழவிடுகிறார்களா? டவுனுக்குப் பஸ் ஏறினால் பெயரைக் கேட்கிறார்கள், பெயரைச் சொன்னால் பையைக் கேட்கிறார்கள். என் பையில் அந்தப் பல்சக்கரம் இருந்தது. இது என்ன என்று கேட்டார்கள். யாளியின் பின் செயினுக்கு என்றேன். அந்தப் பதிலுக்கு என்னை ரொம்ப நேரம் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். சிரிப்பு வருகிறதா? எனக்கும் இப்போது வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

ஆனால் ஒன்று அண்ணா. சித்திரைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஊர்ச் சூடு தணியட்டும். நோம்பிக்கு ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள், இருட்டுவதற்குள் வந்து செயினை முறுக்கிவிட்டுப் போய்விடுகிறேன். உள்ளே நான் உட்கார்ந்து மிதிக்கக்கூட வேண்டாம். உங்கள் பையன்கள் நாலு பேர் மிதிக்கட்டும், நாங்கள் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொள்கிறோம். நடந்தால் போதும் என்று பாத்திமுத்துவும் இறங்கி வந்துவிட்டாள். உக்கடத்து ஊட்டுக்காரரும் சித்திரை வரைக்கும் வேறு யாருக்கும் விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

அண்ணி சேர்த்துத் தைத்ததில் அந்த வாசலும் மூடிப்போயிருக்கும். இடப்பக்கம் மட்டும் பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.

வஹீது


கரட்டுப்பதி
16.4.1998

அன்புள்ள வஹீது பாய்க்கு,

இந்தக் கடுதாசியை நீங்கள் உட்கார்ந்து படியுங்கள், பாத்திமுத்துவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். நம் யாளியைக் காப்பாற்றிவிட்டேன்!

பங்குனி கடைசியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். லட்சுமிநாராயணன் எழுந்து, "கிரைண்டர்க்காரரே, தப்பா நெனச்சுக்காதீங்க. அதைப் பிரிச்சுப் போட்டுருங்க. ஊருக்குள்ள பேச்சு வேண்டாம்" என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், "பிரிக்கறது என்னத்துக்கு, கொளுத்திப் போட்டாப் போச்சு" என்றது. எனக்கு உங்கள் கடைச் சுவர் ஞாபகம் வந்துவிட்டது பாய். எழுந்து வந்துவிட்டேன். விடிய விடிய ஒரே ரோசனை. என்ன செய்தால் இவர்கள் அதன்மேல் கை வைக்க மாட்டார்கள்?

காலையில் பொறி தட்டியது. அதற்கு இன்னும் கண் இல்லையே! கண் இல்லாத வரைக்கும் அது மூங்கிலும் பனியன் துணியும். கண் திறந்துவிட்டால்? அம்மன் வாகனம் ஆகிவிடுமே! அதற்கப்புறம் எவன் கத்தியை எடுப்பான், எவன் நெருப்பை வைப்பான்?

யாரிடமும் சொல்லவில்லை. பங்காருவை அவன் ஊட்டிலேயே போய்ப் பிடித்தேன். பூசாரி மாசாணத்துக்குத் தேங்காய் பழத்தோடு போய், அம்மனுக்கு யாளி வாகனம் காணிக்கை தருகிறேன் என்றேன். மனுசனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சித்திரை முதல் நாள் காலையில் பட்டறையில் திரை கட்டினோம். பங்காரு குளித்துவிட்டு ஈரத்துணியோடு உள்ளே போய்க் கண் எழுதினான். திரையை விலக்கிக் கண்ணாடியைக் காட்டினார்கள். எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. அது என்னைப் பார்க்கிறது பாய்!

சேதி தெரிந்து ஊரே ஓடி வந்தது. கொளுத்தச் சொன்ன குரலுக்குச் சொந்தக்காரன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். லட்சுமிநாராயணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து விழுந்து கும்பிட்டார். இனி அதை எவனும் தொட முடியாது. நோம்பி மே ஆறாம் தேதி. அம்மனுக்கு முன்னால் யாளிதான் போகிறது என்று கமிட்டியே எழுதிவிட்டது. எப்படி நம்ம வேலை?

ரங்கராஜ்


மேட்டுப்பாளையம்
21.4.1998

ரங்கண்ணா,

பாத்திமுத்துவை வைத்துக்கொண்டுதான் படித்தேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "உங்க அண்ணன் கெட்டிக்காரருதான்" என்றாள். நானும் ஆமாம் என்றேன். பிறகு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறபோது ஒரு நினைப்பு வந்தது. வந்ததிலிருந்து போகமாட்டேன் என்கிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் வாகனங்களை நான் பார்த்திருக்கிறேன். தோளில் வைத்துத் தூக்குவார்கள். யாரும் அதன்மேல் காலை வைத்து நான் பார்த்ததில்லை.

நம் யாளி காலால் மிதித்தால்தான் நடக்கும் அண்ணா.

மாசாணத்திடம் கேட்டுவிட்டுத்தான் கண் திறந்தீர்களா? பெடலை மிதிக்க யார் உள்ளே போவார்கள்? அதற்கும் முன்னால், செயினை முறுக்க நான் எப்படி உள்ளே போவேன்? உடனே பதில் போடுங்கள். நான் நினைப்பது தப்பு என்று ஒரு வரி எழுதினால் போதும்.

வஹீது


கரட்டுப்பதி
27.4.1998

பாய்,

அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை.

உங்கள் கடுதாசி வருகிற வரைக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. பட்டறைப் பையன்களைக் கூப்பிட்டு, "ஏறுங்கடா, மிதிச்சுப் பழகலாம்" என்றேன். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "வேண்டாமுங்க, கண்ணு பார்க்குதுங்க" என்றான் ஒருவன். மாசாணத்திடம் ஓடினேன். அவர் பதறிவிட்டார். "என்ன பேச்சு பேசறீங்க! வாகனத்துக்குள்ள காலை வெக்கறதும் ஒண்ணு, அம்மன் மடியில காலை வெக்கறதும் ஒண்ணு. சும்மா உள்ள போறதும் ஆகாதுங்க." கையால் சுற்றட்டுமா என்று கேட்டேன். கையால் சுற்றினாலும் நிற்பது காலில்தானே என்கிறார்.

பங்காருவிடம் கேட்டேன், கண்ணை அழித்துவிடலாமா என்று. அழித்தால் உடைந்து பின்னமான சாமி கணக்காம். ஆத்தில்தான் விட வேண்டுமாம். அப்புறம் வேறே எதற்கும் ஆகாதாம்.

நானே ஏறப் பார்த்தேன். எல்லோரும் போன பிறகு, செருப்பைக் கழற்றி, காலைக் கழுவி, மாரியாத்தாள் தைத்த தையலை இடப்பக்கம் பிரித்து உள்ளே தலையை விட்டேன். ஒரு காலைத் தூக்கினேன். இந்தக் கால் போகவில்லை பாய். கட்டினவன் நான், அதற்குள் எத்தனை தடவை படுத்துத் தூங்கியிருக்கிறேன், உங்களுக்கே தெரியும். போகவில்லை. வெளியில் வந்தால் மாரியாத்தாள் நின்று அழுதுகொண்டிருக்கிறாள். "கண்ணைத் தொறந்துபோட்டீங்களே, மசையனாட்ட" என்றாள்.

நான் மசையன்தான், புத்தி கெட்டவன்தான். ஆனால் வேறு என்ன செய்திருக்க வேண்டும், அதைச் சொல்லுங்கள். கண் திறக்காமல் விட்டிருந்தால் இன்றைக்குச் சாம்பலாக இருந்திருக்கும். அதைவிட இது தேவலாம் இல்லையா?

கயிறு கட்டி இழுக்கலாம் என்று பார்த்தோம். நீங்கள் சொன்ன மாதிரியேதான், பின்னங்கால் மடங்கிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டு போவதாகக் கமிட்டியில் முடிவு. நோம்பிக்கு நீங்கள் வாருங்கள் என்றும் எழுத முடியவில்லை, வராதீர்கள் என்றும் எழுத முடியவில்லை.

ரங்கராஜ்


மேட்டுப்பாளையம்
11.5.1998

ரங்கண்ணனுக்கு,

நாங்கள் வந்திருந்தோம்.

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். டிரெய்லர் விசயத்தையும் சொல்லிவிட்டேன். "பரவாயில்லை, ஒருவேளை நடந்தாலும் நடக்கும்" என்று கிளம்பிவிட்டாள். பனியன் துண்டு கொஞ்சமும் ஊசியும் கையில் எடுத்துக்கொண்டாள், எங்கேயாவது பிரிந்திருந்தால் தைத்துக் கொடுக்கலாம் என்று.

பெட்டிக்கடைப் பக்கம், புளிய மரத்தடியில் நின்றோம். அவள் வெள்ளைத் துப்பட்டியைப் பார்த்ததும் எங்களைச் சுற்றி இடம் விட்டுவிட்டார்கள். யாரும் ஒரு தப்பு வார்த்தை பேசவில்லை. "தள்ளி நில்லுங்க" என்றுகூடச் சொல்லவில்லை, அவர்களே தள்ளி நின்றுகொண்டார்கள். நோம்பிக் கூட்டத்தில் எங்களுக்கு மட்டும் கட்டில் போட்டுப் படுக்கிற அளவுக்கு இடம்.

யாளி வந்தது. அழகாகத்தான் இருந்தது அண்ணா. பங்காரு நல்ல கண் எழுதியிருக்கிறான். ஆனால் கால் நான்கையும் கயிறு போட்டு டிரெய்லரோடு இறுக்கிக் கட்டியிருந்தீர்கள். ஆடிக் கழன்றுவிடக் கூடாது என்று கட்டியிருப்பீர்கள், எனக்குப் புரிகிறது. பாத்திமுத்து அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதை ஏன் கட்டிப் போட்டிருக்கறாங்க?" என்றாள். 

டிரெய்லரில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள், தலையில் பரிவட்டம் கட்டி, லட்சுமிநாராயணனுக்குப் பக்கத்தில். எங்களுக்கு நேராக வந்தபோது நான் கையைத் தூக்கினேன். நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு யாளி பக்கம் திரும்பிக் கும்பிட்டீர்கள். எனக்கு நவம்பர் மாசத்து இருமல் கேட்டது.

நான் உங்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. நீங்கள் செய்ததால்தான் அது எரியாமல் நிற்கிறது. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால்தான் உங்கள்மேல் முழுசாகக் கோபப்படக்கூட முடியவில்லை. கோபப்பட்டுத் தொலைத்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் உக்கடத்தைத் தாண்டும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ஊட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஷாநவாஸ் மண்டியிலேயே மூட்டை எண்ணுகிற வேலை தருகிறார். இனி இங்கேதான்.

ஒன்று கேட்கிறேன். அந்தச் செயினுக்கு நான் கடைசியாக எண்ணெய் விட்டது பிப்ரவரியில். மழை பிடித்தால் துருவேறி இறுகிவிடும். அப்புறம் எந்தக் காலத்திலும், யார் வந்து மிதித்தாலும் நடக்காது. கண் திறந்த வாகனத்துக்கு எண்ணெய் விடலாமா என்று மட்டும் மாசாணத்திடம் கேளுங்கள். இடப்பக்கம், சீட்டுக்குக் கீழே. நாலு சொட்டு போதும்.

வஹீது


கரட்டுப்பதி
9.6.1998

வஹீது பாய்க்கு,

நீங்கள் கை தூக்கியதைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதிலும் வரவில்லை.

பட்டறை இப்போது பட்டறையாக இல்லை. செவ்வாய் வெள்ளியில் பொம்பளைகள் விளக்கு வைக்க வருகிறார்கள். என் பட்டறைக்குள் நானே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகிறேன். கிரைண்டர் வேலையை வேப்பமரத்தடிக்கு மாற்றிக்கொண்டேன். அடிபட்ட பையன் ஊடு திரும்பிவிட்டான், அவன் அம்மாவும் வந்து யாளிக்கு மஞ்சத்துணி கட்டிவிட்டுப் போனாள். நல்ல மழை. உள்ளே ஈரம் இறங்குகிற வாசனை வருகிறது.

மாசாணத்திடம் கேட்டேன். "எண்ணெய் தாராளமா வெக்கலாமுங்க. ஆனா தலையிலதான் வெக்கணும். உள்ளயெல்லாம் கையை விடப்படாது" என்றார்.

தலையில்தான் ஊற்றுகிறேன் பாய், வாரம் தவறாமல். நாலு சொட்டு இல்லை, கிண்ணம் கிண்ணமாக. நெற்றி வழியாகக் கண்ணுக்கு வருகிறது, கண்ணிலிருந்து தும்பிக்கைக்கு இறங்குகிறது, நுனியில் நின்று தரையில் சொட்டுகிறது. செயின் இருக்கிற பக்கம் போவதே இல்லை.

ரங்கராஜ்